நான்-லீக் கால்பந்து: லண்டனில் ஒரு சனிக்கிழமை மேட்ச் பார்க்க முழுமையான வழிகாட்டி

லண்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்களில் கால்பந்துப் பைத்தியம் உள்ளவர்கள் முதலில் செய்வது ஆர்சனலுக்கோ செல்சிக்கோ டிக்கெட் தேடுவதுதான். மெம்பர்ஷிப் வாங்க வேண்டும், அப்புறம் ஆன்லைன் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டும். கிடைத்தாலும் விலை கையைச் சுடும். அத்தனை பாடுபட்டு உள்ளே போய் மேல் தட்டில் உட்கார்ந்தால், பந்தை வைத்திருப்பது யார் என்று தெரிந்துகொள்ள ராட்சதத் திரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அதே சனிக்கிழமை, அதே மூன்று மணிக்கு, அதே ஊரின் மூலை முடுக்கெல்லாம் இன்னொரு கால்பந்து நடக்கிறது. அங்கே கம்பியில் சாய்ந்து நின்றால் லைன்ஸ்மேனுக்கு மூச்சிரைப்பது கேட்கும். அதைத்தான் நான்-லீக் என்கிறார்கள். ஆட்டத்தின் தரத்தை நம்பி இதற்குப் போனால் ஏமாற்றம்தான். அந்த நெருக்கத்துக்காகப் போனால், டிவியில் எத்தனை மேட்ச் பார்த்தாலும் கிடைக்காத ஒன்று கிடைக்கும். கீழே சொல்வதெல்லாம் அந்த நெருக்கத்தை ஒரு நாள் முழுக்க எப்படி அனுபவிப்பது என்பதைப் பற்றித்தான்.

எது நான்-லீக்?

பிரீமியர் லீகில் 20 கிளப்புகள். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. இந்த 92-க்குக் கீழே இருப்பது எல்லாமே நான்-லீக். "லீகே இல்லாத கால்பந்து" என்று நினைத்துவிட வேண்டாம். லீகுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஐந்தாம் நிலையில் நேஷனல் லீக், ஆறாம் நிலையில் நேஷனல் லீக் நார்த், சவுத் என்று இரண்டு. ஏழாம் நிலையில் நான்கு பிரிவுகள்: நார்தர்ன் பிரீமியர், சதர்ன் லீகின் இரண்டு பிரீமியர் பிரிவுகள், இஸ்த்மியன் பிரீமியர். எட்டாம் நிலையில் எட்டுப் பிரிவுகள். அதற்குக் கீழே மாவட்ட அளவு லீகுகள் ஆலமர விழுது மாதிரி இறங்கிக்கொண்டே போகும்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். நான்-லீக்காரர்கள் "ஸ்டெப் 3", "ஸ்டெப் 4" என்று பேசுவார்கள். நேஷனல் லீக்தான் ஸ்டெப் 1. அதனால் ஸ்டெப் 3 என்றால் மேலிருந்து எண்ணினால் ஏழாம் நிலை. நான்கைக் கூட்டிக்கொண்டால் சரி.

இந்த ஏணியில் ஏறலாம், இறங்கலாம் என்பதுதான் இங்கிலாந்துக் கால்பந்தின் அழகு. ஆனால் நான்-லீகின் உச்சியில் அந்தக் கதவு நீண்ட காலம் மூடியே கிடந்தது. 1987-ல்தான் ஐந்தாம் நிலையில் முதலிடம் பிடிக்கும் கிளப் நேராக மேலே ஏற வழி பிறந்தது. அப்படி முதலில் ஏறியது ஸ்கார்பரோ, இறங்கியது லிங்கன் சிட்டி. அதற்கு முன்பு, ஏற்கெனவே உள்ளே இருக்கும் கிளப்புகள் ஓட்டுப் போட்டு அனுமதித்தால்தான் உண்டு. ஆட்டக்காரர்களுக்கும் இதே ஏணிதான். ஜேமி வார்டி ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸில் ஆடியவர். அங்கிருந்து ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட் என்று ஏறி, 2012-ல் லெஸ்டருக்குப் போய், 2016-ல் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். நீங்கள் பார்க்கப்போகும் ஒன்பதாம் நம்பர்காரர் அப்படி ஆவார் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் அவர் திங்கள் காலையில் எலக்ட்ரீஷியன் வேலைக்கோ பள்ளியில் பாடம் எடுக்கவோ போவார். வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி, சனிக்கிழமை மேட்ச், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். ஸ்டெப் 3-க்கு வந்துவிட்டால் இதுதான் வழக்கம்.

கிளப்பைத் தேர்ந்தெடுத்தல்

முதல் தடவைக்கு ஸ்டெப் 3 அல்லது 4-ல் ஒரு கிளப்பைப் பிடியுங்கள் என்பேன். நேஷனல் லீக் ஏறக்குறைய தொழில்முறைக் கால்பந்துதான். வெளியூர் ரசிகர்களைப் பிரித்து உட்கார வைப்பது, பையைச் சோதிப்பது எல்லாம் அங்கே வந்துவிடும். ஸ்டெப் 6-க்கு இறங்கினால் அது வேறு சுகம்: ஐம்பது பேர், இரண்டு நாய், ஒரு டீக்கடை. ஆனால் கூட்டத்தின் சத்தம் இருக்காது. நடுவில் உள்ள நிலையில் இரண்டும் கிடைக்கும்.

வீட்டிலிருந்து நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய கிளப்பாக இருந்தால் உத்தமம். லண்டன் தமிழர்கள் வசிக்கும் பக்கங்களிலெல்லாம் ஒன்று இருக்கிறது. டூட்டிங், மிச்சம் பக்கம் இருந்தால் டூட்டிங் அண்ட் மிச்சம் யுனைடெட். கறுப்பு வெள்ளைக் கோடு சட்டை, மைதானம் இம்பீரியல் ஃபீல்ட்ஸ். பெரிய கிளப்பும் சின்னக் கிளப்பும் மோதும் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில், 1959-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை 2-0 என்று முந்திப் பிறகு 2-2 என்று சமன் செய்த கிளப் இது. மறு ஆட்டத்தில் தோற்றார்கள். அந்த ஃபாரஸ்ட்தான் அந்த வருடம் கோப்பையை வென்றது. கேட்டால் இன்றைக்கும் யாராவது அந்தக் கதையைச் சொல்லுவார்கள். ஈஸ்ட் ஹாம் பக்கம் என்றால் ஃபாரஸ்ட் கேட்டில் ஓல்ட் ஸ்பாட்டட் டாக் மைதானம். ரசிகர்களே 2018-ல் தொடங்கி நடத்தும் கிளாப்டன் சி.எஃப்.சி.யின் இடம். ஹாரோ பக்கத்தவர்களுக்கு வீல்ட்ஸ்டோன். 1984-85 பருவத்தில் ஐந்தாம் நிலைப் பட்டத்தையும், நான்-லீக் கிளப்புகளுக்கான நாக்-அவுட் கோப்பையான எஃப்.ஏ. டிராபியையும் சேர்த்து வென்ற முதல் கிளப்.

இல்ஃபோர்ட்காரர்களுக்கு ஒரு கொசுறு. 1948 ஒலிம்பிக்ஸில் சுதந்திர இந்தியா ஆடிய முதல் கால்பந்து மேட்ச், பிரான்சுக்கு எதிராக, அங்கேதான் நடந்தது. பாதிப் பேருக்கு மேல் வெறுங்காலோடு ஆடிய அணி 2-1 என்று தோற்றது. இரண்டு பெனால்டியைக் கோட்டை விட்டோம். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன்.

இன்னும் பக்கத்து வரலாறு வேண்டுமென்றால் 2018. ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்கான கோனிஃபா உலகக் கால்பந்துக் கோப்பை அந்த வருடம் லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் நடந்தது. தமிழீழ அணியும் வந்து ஆடியது. மேட்சுகள் வெம்பிளியிலா நடந்தன? என்ஃபீல்ட், சட்டன், கார்ஷால்டன் போன்ற நான்-லீக் மைதானங்களில்தான்.

இந்த வழிகாட்டிக்கு உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது டல்விச் ஹேம்லெட். தென்கிழக்கு லண்டன், மைதானத்தின் பெயர் சாம்பியன் ஹில், சட்டை நிறம் இளஞ்சிவப்பும் கருநீலமும். 1893-ல் தொடங்கிய கிளப், எஃப்.ஏ. அமெச்சூர் கோப்பையை நான்கு முறை வென்றது. 2018-ல் நில உரிமையாளரோடு தகராறு முற்றி, சொந்த மைதானத்திலிருந்தே வெளியேற்றப்பட்டு, மேலே சொன்ன டூட்டிங்காரர்களின் மைதானத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அந்த நிலையிலும் அதே பருவத்தில், மேலே ஏறப்போவது யார் என்று தீர்மானிக்கும் பிளே-ஆஃப் வென்று நேஷனல் லீக் சவுத்துக்கு ஏறினார்கள். வருட இறுதியில் வீடு திரும்பினார்கள். 2023-ல் மறுபடி இஸ்த்மியன் பிரீமியருக்கு இறக்கம். இத்தனைக்கும் கூட்டம் குறையவில்லை. இந்த நிலையில் மற்ற கிளப்புகளுக்குச் சில நூறு பேர் வந்தாலே பெரிது, இங்கே ஆயிரக்கணக்கில் வருவார்கள்.

இஸ்த்மியன் லீகைப் பற்றியும் ஒரு வரி. 1905-ல் தொடங்கியபோது அது சுத்தமான அமெச்சூர் லீக். வென்றவர்களுக்குக் கோப்பையும் கிடையாது, மெடலும் கிடையாது. "கௌரவமே போதும்" என்பதுதான் அதன் லத்தீன் வாசகம். இப்போது போதாது என்பது வேறு விஷயம்.

தேதி பார்த்தல், மழை பார்த்தல்

பருவம் ஆகஸ்டில் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை. சனிக்கிழமை 3 மணி, இல்லாவிட்டால் செவ்வாய் இரவு 7.45. சனி 3 மணிக்கு ஒரு காரணம் உண்டு: அன்று பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து மேட்சையும் பிரிட்டனில் நேரலையாக ஒளிபரப்ப முடியாது. சின்னக் கிளப்புகளுக்கு ஆள் வர வேண்டும் என்று ஏற்படுத்திய விதி. வீட்டில் உட்கார்ந்து லிவர்பூல் பார்க்கலாமே என்ற சாக்கு அந்த நேரத்தில் எடுபடாது.

நல்ல நாள் தேர்ந்தெடுக்க மூன்று யோசனை. ஒன்று, எஃப்.ஏ. கோப்பையின் தகுதிச் சுற்றுகள். நாம் ஜனவரியில் டிவியில் பார்க்கும் கோப்பை உண்மையில் ஆகஸ்டிலேயே இந்த மைதானங்களில் தொடங்கிவிடுகிறது; லீக் ஒன், லீக் டூ கிளப்புகள் நுழைவதற்குள்ளேயே ஆறு சுற்று முடிந்திருக்கும். ஒவ்வொரு வெற்றிக்கும் பரிசுப் பணம் உண்டு. ஒரு சின்னக் கிளப்புக்கு அது அந்த வருடக் கரண்ட் பில். அதனால் ஆட்டத்தில் ஒரு வேகம் இருக்கும். 2024 ஜனவரியில் ஆறாம் நிலைக் கிளப்பான மெய்ட்ஸ்டோன், இரண்டாம் நிலையில் இருந்த இப்ஸ்விச்சை அவர்கள் மைதானத்திலேயே 2-1 என்று வீழ்த்தியது இப்படித் தொடங்கிய பயணத்தில்தான். இரண்டு, நான்-லீக் டே: 2010-ல் ஆரம்பித்த வழக்கம். சர்வதேச ஆட்டங்களுக்காகப் பெரிய லீகுகள் ஓய்வெடுக்கும் ஒரு சனிக்கிழமையில் வரும்; பல கிளப்புகள் அன்று டிக்கெட் விலையைக் குறைக்கும். மூன்று, பக்கத்து ஊர்க் கிளப்போடு மோதும் டெர்பி. அன்று பேச்சே தனி.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: மேட்ச் ரத்தாகலாம். மழைத் தண்ணீர் தேங்கினாலும், பனியில் தரை இறுகினாலும் நடுவர் காலையிலேயே வந்து தரையைச் சோதித்து "முடியாது" என்று சொல்லிவிடுவார். சில சமயம் ஒரு மணிக்கு மேல்கூடச் சொல்வார். கிளப்பின் எக்ஸ் பக்கத்தை வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தடவை, ரயில் ஏறும் முன் ஒரு தடவை பாருங்கள். செயற்கைப் புல் போட்ட மைதானம் என்றால் இந்தத் தொல்லை குறைவு. நான்-லீகில் அதை அனுமதிக்கிறார்கள், லீக் டூவில் அனுமதிப்பதில்லை. 2021-ல் மேலே ஏறிய சட்டன் யுனைடெட், வருமானம் தந்துகொண்டிருந்த செயற்கைப் புல்லைப் பெயர்த்துவிட்டு இயற்கைப் புல் போட வேண்டியதாயிற்று.

செலவும் உடையும்

ஸ்டெப் 3, 4-ல் பெரியவர்களுக்கு டிக்கெட் பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்து பவுண்டு. சிறுவர்களுக்கு மிகக் குறைவு, பல இடங்களில் இலவசமே. மாணவர் அட்டை இருந்தால் கேட்டுப் பாருங்கள், சலுகை இருக்கும். பெரும்பாலான கிளப்புகளில் வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம். டல்விச் மாதிரி கூட்டம் சேரும் இடத்துக்கு மட்டும் ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சாப்பாடு, டீ, சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு முப்பது பவுண்டுக்குள் நாளை முடித்துவிடலாம்.

கார்டு பெரும்பாலும் செல்லும். ஆனாலும் பாக்கெட்டில் கொஞ்சம் பவுண்டு நாணயம் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உடை விஷயத்தில் கண்டிப்பாக இருப்பேன். குளிர் மேலிருந்து வருவதில்லை, காலடியில் உள்ள கான்கிரீட்டிலிருந்து ஏறுகிறது. தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், காதை மூடும் தொப்பி. ஊட்டிக்குப் போகும்போது அம்மா திணித்த மங்கி கேப் பெட்டியடியில் கிடந்தால் அதற்கு இங்கே விமோசனம் உண்டு, யாரும் சிரிக்க மாட்டார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இரண்டாம் பாதி முழுக்க விளக்கு வெளிச்சத்தில்தான். குடை வேண்டாம், பின்னால் நிற்பவருக்கு மறைக்கும். மழைக்கோட்டு போதும்.

இரண்டு அணியில் எதன் நிறமும் இல்லாத சட்டை போட்டுக்கொண்டு போங்கள். பெரிய கிளப் ஜெர்சி போட்டுப் போனால் யாரும் அடிக்க மாட்டார்கள், ஆனால் ஒரு பெரியவராவது நெருங்கி வந்து "வழி தவறி வந்துவிட்டீர்களா?" என்று கேட்பார்.

போய்ச் சேருதல்

சாம்பியன் ஹில்லுக்கு லண்டன் பிரிட்ஜிலிருந்து ரயில், ஈஸ்ட் டல்விச் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். கால் மணி நேரப் பயணம், சில நிமிட நடை. வார இறுதியில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டுப் பஸ் விடுவார்கள், வெள்ளிக்கிழமையே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய செயின்ஸ்பரிஸ் கடை தெரிந்தால் வந்துவிட்டோம் என்று அர்த்தம், மைதானம் அதன் பக்கத்திலேயே. போகும் சந்தின் பெயர்ப் பலகையைக் கவனியுங்கள்: எட்கர் கெயில் வே. இந்தக் கிளப்புக்காக நானூறுக்கு மேல் கோல் அடித்தவர். பணம் வாங்காத அமெச்சூராகவே இருந்துகொண்டு 1929-ல் இங்கிலாந்து அணிக்கும் ஆடி, பாரிஸில் பிரான்சுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். அவர் ஆடியதை நேரில் பார்த்தவர் அநேகமாக யாரும் இல்லாத இந்தக் காலத்திலும் அவர் பெயரைச் சொல்லிப் பாடுகிறார்கள்.

மூன்று மணி மேட்சுக்கு ஒன்றரைக்குள் போய்விடுங்கள். சீக்கிரம் என்று தோன்றும். ஆனால் கிளப்ஹவுஸ் என்பது பாதி நாள். பழைய கொடிகள், மங்கிய அணிப் புகைப்படங்கள், மூலையில் டிவியில் 12.30 மேட்ச், அதைப் பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டே பியர் குடிக்கும் கூட்டம். மது வேண்டாமென்றால் ஒரு கோக்கோடு உட்காருங்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர், கொடி விற்பவர், கார் நிறுத்த வழி காட்டுபவர், எல்லாரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நம் ஊர்க் கோயில் திருவிழாக் கமிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: அதே சின்னச் சண்டைகள், அதே பாசம், அதே "நான் இல்லாட்டி இது நடக்காது" முகம். ஒருவரிடம் "முதல் தடவை வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கே நிற்க வேண்டும், எந்தக் கழிப்பறை சுத்தம், மேனேஜர் ஏன் தவறு செய்கிறார் என்பது வரை எல்லாம் வந்துவிடும்.

இப்போது அந்த நாணயங்கள். சில கிளப்புகளில் இன்னும் அச்சிட்ட புரோகிராம் உண்டு, வாங்கிவிடுங்கள். ஆட்டக்காரர்களின் பெயர் அதில்தான் இருக்கும், முதுகில் நம்பர் மட்டுமே இருக்கும். அடுத்தது கோல்டன் கோல். ஒரு பவுண்டு கொடுத்தால் ஒட்டி மூடிய சின்னச் சீட்டு ஒன்று தருவார்கள். பிரித்தால் உள்ளே ஒரு நிமிடம் எழுதியிருக்கும், 37 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்சின் முதல் கோல் 37-வது நிமிடத்தில் விழுந்தால் பரிசு உங்களுக்கு. இதன் விபரீதம் என்னவென்றால், 36-வது நிமிடத்தில் நம் அணி கோலை நெருங்கும்போது "இன்னும் கொஞ்சம் பொறுங்கடா" என்று மனசு சொல்லும். அதே மாதிரி 50/50 குலுக்கல். வசூலில் பாதி வென்றவருக்கு, பாதி கிளப்புக்கு.

எங்கே நிற்பது, எப்படிப் பார்ப்பது

சின்ன ஸ்டாண்டில் இருக்கைகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களும் மழை நாளும் அதற்கு. மற்றவர்கள் நில்லுங்கள். நான்-லீகின் முழு ருசியும் நிற்பதில், அதுவும் இடம் மாறி மாறி நிற்பதில்தான் இருக்கிறது.

வழக்கம் இதுதான்: நம் அணி எந்த கோலைத் தாக்குகிறதோ அதன் பின்னால் போய் நிற்பது. அதனால் டாஸ் போடும்போதே கூட்டம் உற்றுப் பார்க்கும். கேப்டன் பக்கம் மாறிக்கொண்டால் ஒரு பெருமூச்சு எழும். பியர் கப், குழந்தை, நாய், கொடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மொத்தக் கூட்டமும் மைதானத்தைச் சுற்றி எதிர் முனைக்கு நடக்கும். இடைவேளையில் மறுபடி ஒரு ஊர்வலம். இந்த நிலையில் பெரும்பாலும் உள்ளூர், வெளியூர் ரசிகர்களைப் பிரிப்பதில்லை. எதிரெதிரே நடந்து வரும் இரண்டு கூட்டமும் நடுவில் ஒன்றையொன்று கடக்கும். தலையசைப்பு, ஒரு கிண்டல், அவ்வளவுதான்.

கோலுக்குப் பின்னால் பத்து நிமிடம் நின்றால் எதிரணி கோல்கீப்பர் உங்கள் ஆள் ஆகிவிடுவார். கம்பத்தடியில் அவருடைய தண்ணீர்ப் பாட்டிலும் துண்டும் கிடக்கும். அவர் கோல் கிக் எடுக்க ஓடி வரும்போது கூட்டம் "ஓஓஓ" என்று இழுத்துக்கொண்டே போய், காலில் பந்து பட்டதும் ஒரு வசவில் முடிக்கும். நல்ல கோல்கீப்பர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் மீது கூட்டத்துக்குத் தனிப் பிரியம். பந்து கம்பியைத் தாண்டி உங்களிடம் வந்தால் காலால் ஸ்டைல் காட்டாமல் கையால் எடுத்துப் போடுங்கள். உதைத்து அது கூரை மேல் போனால், மேட்ச் முடியும் வரை உங்களை விட மாட்டார்கள்.

காதைத் திறந்து வையுங்கள். டிவியில் வர்ணனையாளர் குரல் எதை மூடி மறைக்கிறது என்பது இங்கேதான் தெரியும். தடுப்பாட்டக்காரர் தொண்ணூறு நிமிடமும் பேசிக்கொண்டே இருக்கிறார்: "முதுகில் ஆள்", "நேரம் இருக்கு", "வெளியே வா". எலும்பில் எலும்பு மோதும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம், மேனேஜரும் மாற்று ஆட்டக்காரர்களும் உட்காரும் டக்-அவுட் பக்கம் போய் நின்றால் மேனேஜர் தன் இடது பேக்கைத் திட்டுவது, உடனே அவரைச் சமாதானம் செய்யும் உதவியாளர், இதையெல்லாம் கேட்டு முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டிருக்கும் நான்காவது சப், எல்லாம் ஒரே காட்சி. கெட்ட வார்த்தை தாராளமாகப் புழங்கும். குழந்தையோடு போனால் டக்-அவுட்டுக்கு எதிர்ப்புறம் நில்லுங்கள்.

வீடியோவைப் பார்த்து முடிவைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். கிடையாது. கோல் என்றால் அந்த நொடியே கோல், கத்தலாம். ஸ்டெப் 5-க்குப் போனால் இன்னொரு வித்தியாசம்: நடுவரிடம் எதிர்த்துப் பேசினால் மஞ்சள் அட்டையோடு பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். அந்தப் பத்து நிமிடம் பார்க்கச் சுவையாக இருக்கும்.

மதுவுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1985-ல் வந்தது, முதல் ஐந்து நிலைகளின் மேட்சில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் நின்று குடிக்கக் கூடாது. அதற்குக் கீழே இந்தத் தடை இல்லை. அதனால்தான் இங்கே பிளாஸ்டிக் கப்போடு கம்பியில் சாய்ந்திருக்கிறார்கள்.

நம்மவர்கள் மனதில் உள்ள கேள்வி ஒன்று உண்டு: நம் நிறத்தைப் பார்த்து யாராவது ஏதாவது சொல்வார்களா? லண்டன் கிளப்புகளில் ஆடுகிறவர்களிலேயே பலர் பல நாட்டு வேர் உள்ளவர்கள். டல்விச், கிளாப்டன் ரசிகர்கள் இனவெறிக்கு எதிரான பேனரைக் கட்டித் தொங்கவிட்டே மேட்ச் பார்ப்பவர்கள். அப்படியும் எங்காவது ஒரு வார்த்தை காதில் விழுந்தால் பொறுத்துப்போக வேண்டியதில்லை. பளிச்சென்ற ஜாக்கெட் போட்ட ஸ்டீவர்டிடம் உடனே சொல்லுங்கள், கால்பந்தில் பாகுபாட்டை எதிர்க்கும் கிக் இட் அவுட் அமைப்பின் இணையப் பக்கத்திலும் புகார் செய்யலாம்.

இடைவேளைச் சாப்பாடு

டீக்கடை வரிசையில் நிற்க 40-வது நிமிடமே கிளம்புகிறவர்கள் உண்டு. கிளம்பினால் கோல் விழும் என்பது எல்லா மைதானத்திலும் உள்ள நம்பிக்கை. பர்கர், சிப்ஸ், பை (மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பண்டம்), டீ. சிப்ஸுக்கு உப்பும் வினிகரும் தாராளமாகத் தெளித்துக்கொள்ளுங்கள். ஸ்டேக் பை என்றால் உள்ளே மாட்டிறைச்சி. பால்டி பை என்று ஒன்று, கோழிக் கறி வைத்தது, நம் நாக்குக்கு ஓரளவு ஒத்துவரும். சைவர்களுக்கு முக்கிய எச்சரிக்கை: போவ்ரில் என்று ஆவி பறக்க ஒரு பானம் விற்பார்கள். பார்க்கக் கறுப்பு டீ மாதிரி இருக்கும், ஆனால் அது மாட்டிறைச்சிச் சாறு. சைவர்களுக்கு சீஸ் போட்ட சிப்ஸ் பெரும்பாலும் கிடைக்கும். டல்விச் மாதிரி இடங்களில் சைவ பர்கரும் சமோசா வகையறாவும்கூட எதிர்பார்க்கலாம். ஸ்டெப் 5 டீக்கடையில் எதிர்பார்க்காதீர்கள். வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனாலும் யாரும் தடுப்பதில்லை.

விசில் ஊதிய பிறகு

ஐந்து மணிக்கு எல்லாரோடும் சேர்ந்து ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள். கிளப்ஹவுஸுக்குத் திரும்புங்கள். டிவியில் நாடு முழுக்க உள்ள முடிவுகள் ஓடிக்கொண்டிருக்கும். அரை மணி நேரத்தில் குளித்த தலையோடு ஆட்டக்காரர்களும் வருவார்கள். ஆட்ட நாயகனுக்கு ஒரு பாட்டில், பத்துப் பேர் கைதட்டல், ஒரு போட்டோ. போய்ப் பேசலாம். "நன்றாக ஆடினீர்கள்" என்றால் நின்று பேசுவார்கள். அடுத்த வாரம் அதே ஆளை எதிரணிச் சட்டையில் பார்த்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்: இங்கே பலருக்கு ஒப்பந்தமே கிடையாது. வேறு கிளப் ஏழு நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவரிடம் பேசலாம், அவருக்குப் பிடித்தால் போகலாம். கிளப்ஹவுஸ் வதந்திகளில் பாதி இந்த ஏழு நாளைச் சுற்றித்தான்.

பிடித்துப்போனால் அடுத்தது வெளியூர் மேட்ச். முதல் பயணத்துக்கு லூயிஸ் என்ற ஊரைச் சொல்வேன். லண்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் டிரிப்பிங் பேன் என்ற மைதானம், பின்னணியில் சுண்ணாம்புக் குன்றுகள். ரசிகர்களுக்குச் சொந்தமான கிளப்; 2017-ல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே அளவு பணம் ஒதுக்குவதாக அறிவித்த கிளப் அதுதான். பெண்கள் மேட்ச் பெரும்பாலும் ஞாயிறு, டிக்கெட்டும் மலிவு. கடைசி ரயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் ஆறு மணிக்குப் பிறகு எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் கிளப்ஹவுஸ் இருக்கிறது.